பனியனும் பந்தும்: தைத்தவர் யார், அணிந்தவர் யார்?



அண்ணலின் நினைவு நாளில் நாம் வழக்கமாக நிலத்தைப் பற்றிப் பேசுவோம். கோயில் நுழைவு, பொதுக்குளம், கல்வி, இடஒதுக்கீடு, வன்கொடுமைச் சட்டம் பற்றிப் பேசுவோம். இந்த ஆண்டு கால்பந்தையும் விளையாட்டுச் சட்டையையும் பேசுபொருளாக எடுத்திருக்கிறோம். இது மற்ற கேள்விகளை விட்டுவிலகும் பேச்சன்று. ஏரியூர் ஒன்றியத்தில் எந்தக் காலனிக்குப் போனாலும் முதுகில் எண் போட்ட சட்டையோடு ஒரு பையன் நிற்கிறான். அந்த எண்ணுக்கு மேலே தென் அமெரிக்க வீரர் ஒருவரின் பெயரோ, போர்த்துகீசிய வீரர் ஒருவரின் பெயரோ இருக்கிறது. சட்டையைத் தைத்தவரின் பெயர் எங்கும் இல்லை. அந்தப் பெயர் இல்லாமல் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. அது சாதியின் வரலாறு. அதைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

1. தடுக்கப்பட்ட பனியன்

1930ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ராமநாதபுரம் பகுதியில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுக் கட்டுப்பாடுகளை விதித்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே போகக்கூடாது, இடுப்புக்கு மேலே வரக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் அணியக்கூடாது. தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொள்ளக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கை போடக்கூடாது, பூச்சூடக்கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. அடுத்த ஆண்டு இந்தக் கட்டுப்பாடுகள் பதினொன்றாக வளர்ந்தன. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன.

இந்தப் பட்டியலில் பனியன் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு சாதாரண உள்ளாடையை ஏன் தடை செய்ய வேண்டும்? வியர்வையை உறிஞ்சும் ஒரு துண்டுத் துணி யாருக்கு என்ன தீங்கு செய்தது? பனியன் போட்டவனை உடம்பைப் பார்த்து இன்ன சாதி என்று சொல்ல முடியாது என்பதுதான் காரணம். வெற்று மார்பும் முழங்கால் துணியும் வெறும் கால்களும் அன்றைக்கு அடையாள அட்டை. துணி அந்த அட்டையை மறைத்துவிடும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். திருப்பூரில் முதல் பின்னலாடை ஆலை தோன்றியது 1925 வாக்கில். அந்த ஊரில் பனியன் உற்பத்தி தொடங்கி ஐந்தாறு ஆண்டுக்குள்ளேயே, தமிழ்நாட்டின் இன்னொரு மூலையில் பனியனுக்குத் தடை. ஒரு பக்கம் இயந்திரம் பனியனைப் பின்னுகிறது. மறுபக்கம் சாதி அதைக் கழற்றுகிறது. நம்முடைய நவீன காலம் இந்த இரண்டும் ஒன்றாக நடந்த காலம்.

இதற்கு முன்னும் பின்னும் கதை உண்டு. திருவிதாங்கூரில் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1859 வரை நடந்த தோள்சீலைப் போராட்டத்தை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். நம் மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று இடங்களில் 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அந்த நாட்களில் அரசியல் மேடைகளில் கேட்ட குற்றச்சாட்டு என்ன? தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்பது. எண்பத்திரண்டு ஆண்டு கழித்தும் குற்றப்பத்திரிகையில் அதே சட்டைதான் இருந்தது.

2. சியால்கோட்டின் பந்து

இனிப் பந்துக்கு வருவோம். உலகில் கையால் தைக்கப்பட்ட கால்பந்துகளில் பெரும்பங்கு ஒரே ஊரிலிருந்து போனது. பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கும் சியால்கோட் அது. வெள்ளைக்காரப் படைகள் தங்கிய கன்டோன்மென்ட் ஊர். சிப்பாய்களும் அதிகாரிகளும் விளையாடினார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பலில் பந்து வரத் தாமதமானது. கிழிந்த பந்தைத் தைக்கவும், பிறகு புதுப் பந்து செய்யவும் உள்ளூர்க் கைகள் தேவைப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே விளையாட்டுப் பொருள் தொழில் வேர்விட்டது.

பந்து என்றால் அன்றைக்குத் தோல். தோல் என்றால் இந்தியாவில் சாதி. செத்த மாட்டை இழுப்பது, உரிப்பது, பதனிடுவது, தைப்பது எல்லாம் தீண்டத்தகாதவர் தலையில் கட்டப்பட்ட வேலைகள். நம் ஊரில் தோலை விரித்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் பறை. அதையே வெட்டி உருட்டித் தைத்தால் பந்து. பறையடிப்பவன் தெருவுக்குள் வரக்கூடாது. பந்தோ துரையின் மைதானத்தின் நடுவில் உருளும். பொருள் ஊரின் நடுவுக்குப் போனது, செய்தவர் சேரியிலேயே நின்றார்.

சியால்கோட் மாவட்டத்தில் இந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. 1873இல் சூஹ்ரா சாதியைச் சேர்ந்த தித் என்பவர், தோல் வாங்கி விற்றுப் பிழைத்தவர், கால் ஊனமுற்றவர், கிறித்தவரானார். அவரைத் தொடர்ந்து அந்தச் சாதியினர் பெருந்திரளாகக் கிறித்தவத்துக்குப் போனார்கள். இன்னொரு பக்கம் நெசவு செய்த மேக் சாதியினரை ஆரிய சமாஜம் சுத்திச் சடங்கு செய்து தன் பக்கம் இழுத்தது. 1926இல் மங்கூராம் முகோவாலியா ஆத் தர்ம் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் தோல் வணிகர் ஒருவரின் மகன். அமெரிக்காவில் கதர் கட்சியில் இருந்தவர். நாங்கள் இந்துக்கள் அல்லர், இந்த மண்ணின் ஆதி மக்கள் என்று அந்த இயக்கம் அறிவித்தது. 1931 கணக்கெடுப்பில் 4,18,789 பேர் தங்களை ஆத் தர்மிகள் என்று பதிவு செய்தார்கள். நம் பக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த பூர்வீக உரிமைக் குரலோடு இதை வைத்துப் படிக்க வேண்டும்.

பஞ்சாபில் 1900ஆம் ஆண்டின் நில மாற்றுச் சட்டம் தலித்துகளை விவசாயச் சாதி என்று ஏற்கவில்லை. அதனால் கையில் காசிருந்தாலும் நிலம் வாங்க வழியில்லை. நிலத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு மிஞ்சியது பட்டறை. பந்துத் தொழிலுக்கு மலிவான கைகள் கிடைத்ததற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம்.

3. எல்லையைத் தாண்டிய தொழில்

1947இல் நாடு பிரிந்தது. சியால்கோட்டின் இந்து, சீக்கிய முதலாளிகள் ஜலந்தருக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வணிகச் சாதியினர். 1934இல் சியால்கோட்டில் தொடங்கப்பட்ட ஃப்ரீவில் நிறுவனம் இப்படி ஜலந்தருக்கு வந்ததுதான். அதன் நிவியா பந்து இன்று நம் அரசுப் பள்ளி மைதானங்களிலும் உருள்கிறது. முதலாளிகளோடு தொழிலாளிகளும் எல்லை தாண்டினார்கள். சியால்கோட்டின் மேக் மக்கள் ஜலந்தரின் பார்கவ் முகாமில் அகதிகளாகக் குடியேறி, விளையாட்டுப் பொருள் பட்டறைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். முகாம் என்ற பெயர் அந்தக் குடியிருப்போடு அப்படியே ஒட்டிக்கொண்டது.

பிரிவினை பற்றிய நூல்களில் முதலாளி இழந்த ஆலையின் கணக்கு இருக்கிறது. தைத்தவர் இழந்த வீட்டின் கணக்கை நாம்தான் தேடி எழுத வேண்டும். நாடு இரண்டானது, எல்லையின் இரு பக்கமும் பந்து தைத்த கைகள் ஒரே படிக்கட்டின் ஒரே கீழ்ப்படியில் இருந்தன. மதம் மாறியது, கொடி மாறியது, படி மாறவில்லை.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே ஜலந்தரில் பூட்டா மண்டி என்றொரு பகுதி. அங்கே தலித்துகளே தோல் வணிகர்களாக எழுந்தார்கள். இழிதொழில் என்று சொல்லப்பட்டதைத் தங்கள் கையில் எடுத்து வணிகமாக்கினார்கள். அந்தப் பணம் இயக்கத்துக்கும் வந்தது. சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகிய அண்ணல், 1951 அக்டோபரில் ஜலந்தர் வந்தபோது பூட்டா மண்டி மக்கள் திரண்டு நின்று கேட்டார்கள். ஆக்ராவின் செருப்புத் தொழிலில் எழுந்த ஜாதவர்களும் அம்பேத்கரியத்தின் தூண்களானார்கள். தோலை இழிவின் அடையாளமாக மட்டுமே பார்த்தால் இந்த வரலாற்றைத் தவறவிடுவோம். தொழில் யார் கையில், விலையை யார் சொல்வது என்பதுதான் இழிவையும் விடுதலையையும் பிரித்த கோடு.

4. தோல் போனது, சாதி போகவில்லை

பந்தைத் தைப்பது எப்படி என்று பார்ப்போம். 1970 உலகக் கோப்பையில் அடிடாஸ் கொண்டுவந்த டெல்ஸ்டார் பந்தில் 32 துண்டுகள்: 12 கறுப்பு ஐங்கோணம், 20 வெள்ளை அறுகோணம். தைப்பவர் தரையிலோ முக்காலியிலோ உட்கார்ந்து, முழங்கால்களுக்கு இடையே மரக்கிடுக்கி வைத்து, அதில் இரண்டு துண்டுகளைப் பிடித்துக்கொள்வார். மெழுகு பூசிய நூல், இரண்டு ஊசி. உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்துக்கொண்டு வந்து, பாதியில் திருப்பி, காற்றுப்பையை உள்ளே வைத்து மூட வேண்டும். ஒரு பந்துக்கு அறுநூறுக்கு மேல் தையல். கடைசித் துண்டை மூடுவதுதான் கடினம். முடிச்சு உள்ளே போய்விட வேண்டும், வெளியே தெரியக்கூடாது. தேர்ந்த கை நாளொன்றுக்கு மூன்று நான்கு பந்து தைக்கும். கூலி நாள் கணக்கில் இல்லை, பந்துக் கணக்கில்.

1986 உலகக் கோப்பையில் முழுக்கச் செயற்கைப் பொருளால் ஆன பந்து வந்தது. அதன் பிறகு பந்தில் மாட்டுத் தோல் இல்லை. இப்போது நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். தோலைத் தொடுவது தீட்டு, அதனால் அந்த வேலை உங்களுக்கு என்றுதானே சொன்னார்கள்? தோல் போய்ப் பாலியூரித்தேன் வந்துவிட்டது. பிளாஸ்டிக்குக்கு ஏது தீட்டு? பிறகும் ஜலந்தரின் பஸ்திகளிலும் சுற்றுக் கிராமங்களிலும் தைத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகளாகவே இருந்தது ஏன்?

விடை அண்ணலிடம் இருக்கிறது. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமன்று, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரிப்பது என்று அவர் விளக்கினார். 1936இல் லாகூரில் பேசுவதற்காக எழுதி, அழைத்தவர்களே கூட்டத்தை ரத்து செய்ததால் அவரே அச்சிட்டு வெளியிட்ட உரை அது. அந்த லாகூருக்குப் பக்கத்து ஊர்தான் சியால்கோட். பொருள் மாறினாலும் ஆட்கள் மாறாமல் இருப்பதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டாம். காலடியில் கிடக்கும் பந்தைப் பார்த்தால் போதும்.

ஜெர்மனியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹெர்ட்சோகனாவ்ராக் என்ற செருப்புத் தைக்கும் சிற்றூரில், அம்மாவின் சலவைக் கூடத்தில் விளையாட்டுக் காலணி செய்யத் தொடங்கினார்கள் டாஸ்லர் சகோதரர்கள். பிறகு சண்டையிட்டுப் பிரிந்தார்கள். ருடோல்ஃப் 1948இல் பூமா நிறுவனத்தைத் தொடங்கினார். அடோல்ஃப் 1949 ஆகஸ்டில் தன் பெயரையே சுருக்கி அடிடாஸ் என்று பதிவு செய்தார். 1954இல் பெர்ன் நகரில் மழையில் நடந்த இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனி, ஹங்கேரியை 3-2 என வென்றபோது, ஜெர்மானிய வீரர்களின் காலில் இருந்தது அடோல்ஃப் செய்த திருகாணிக் குமிழ்க் காலணி. சலவைக் கூடத்தில் செருப்புச் செய்தவரின் பெயர் அங்கே உலகச் சின்னமாகிறது. இங்கே செருப்புத் தைப்பவரின் சாதிப் பெயர் வசைச்சொல்லாக இருக்கிறது. திறமையில் இல்லை வேறுபாடு. அங்கே தொழில் ஒரு மனிதரின் வேலை. இங்கே அது ஒரு பிறப்பின் தண்டனை.

5. ஒப்பந்தங்களும் ஓட்டைகளும்

அணிக்குச் சட்டை கொடுப்பது பெரும் வணிகமானது 1970களில். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரைச் சேர்ந்த அட்மிரல் நிறுவனம் 1974இல் இங்கிலாந்து அணிக்குச் சீருடை வழங்கியது. அணிந்த சட்டையின் நகலை ரசிகர்களுக்கு விற்றது. அதுவரை அணி சட்டைக்குக் காசு கொடுத்தது. இனிமேல் நிறுவனம் அணிக்குக் காசு கொடுக்கும்; அந்தக் காசை ரசிகரிடமிருந்து எடுக்கும்; செலவைத் தைப்பவரின் கூலியில் குறைக்கும். இன்று காலனிப் பையன் போட்டிருக்கும் நகல் சட்டை வரைக்கும் இந்த ஏற்பாடு நீள்கிறது.

1996 ஜூனில் அமெரிக்காவின் லைஃப் இதழ், நைக்கி சின்னம் பதித்த பந்தைத் தைக்கும் பாகிஸ்தான் சிறுவன் ஒருவனின் படத்தை வெளியிட்டது. உலகம் கொதித்தது. 1997 பிப்ரவரி 14 அன்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப், சியால்கோட் வணிகக் கூட்டமைப்பு மூன்றும் அட்லாண்டாவில் ஒப்பந்தம் செய்தன. ஜலந்தரிலும் குழந்தைத் தொழிலாளர் பற்றிய ஆய்வுகள் வந்தன. 1998இல் முதலாளிகள் விளையாட்டுப் பொருள் அறக்கட்டளை ஒன்றை அமைத்தார்கள். 2008இல் பச்பன் பச்சாவ் ஆந்தோலன் மீரட் மாவட்டத்துக் கிராமங்களில் குழந்தைகள் இன்னும் பந்து தைப்பதைப் பதிவு செய்தது.

குழந்தை உழைப்பு ஒழிய வேண்டும். அதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒப்பந்தங்கள் எதைக் கேட்டன, எதைக் கேட்கவில்லை என்று பாருங்கள். குழந்தை தைக்கிறதா என்று கேட்டன. அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு ஒரு பந்துக்கு என்ன கூலி என்று அழுத்திக் கேட்கவில்லை. கண்காணிப்புக்கு வசதியாகத் தையல் வீட்டிலிருந்து மையங்களுக்கு மாறியபோது, வீட்டை விட்டு வர முடியாத பெண்கள் வேலையை இழந்தார்கள். 2006 நவம்பரில் நைக்கி நிறுவனம் சியால்கோட்டின் சாகா நிறுவனத்தோடு ஒப்பந்தத்தை முறித்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருமானம் ஒரே அடியில் நின்றது. நிறுவனத்தின் நற்பெயர் காப்பாற்றப்பட்டது; தைத்தவரின் அடுப்பு அணைந்தது. சாதி என்ற சொல்லோ, ஆய்வாளர்கள் சிலர் எழுதியது தவிர, இந்த விவாதத்தின் நடுவுக்கு வரவே இல்லை.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களைத் தொழிலாளராக ஏற்கச் சொல்லும் 177ஆம் உடன்படிக்கை 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் நிறைவேறியது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. அதனால் பந்து தைப்பவரும் பீடி சுற்றுபவரும் பனியனில் பிசிறு வெட்டுபவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

6. வெறுங்காலின் பெருமை யாருடையது?

1911 ஜூலை 29. கல்கத்தாவில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. ஒருவரைத் தவிர மற்ற வீரர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். தேசிய வரலாறு அந்த வெறுங்காலைக் கொண்டாடுகிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் 2-1 எனத் தோற்றார்கள். அந்த வீரர்களின் ஆட்டத்தை நாமும் மதிக்கிறோம்.

ஆனால் வெறுங்காலுக்கு எங்கள் தெருவில் வேறு பொருள். செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்த தாத்தாவுக்கு வெறுங்கால் பெருமையன்று. செருப்பைத் தைத்தவரே செருப்பணியக்கூடாது என்ற நாட்டில், காலணி போட்டு ஆட மறுப்பதும் காலணி மறுக்கப்படுவதும் ஒன்றல்ல. வெள்ளையனுக்கு எதிரே வெறுங்கால் வீரம். சாதி இந்துவுக்கு எதிரே காலணி அணிவதே வீரம். நம் வரலாற்றை எழுதும்போது இந்த இரண்டையும் குழப்பக்கூடாது.

அதே 1911 கோடையில் இன்னொரு இந்தியர் இங்கிலாந்து மண்ணில் பந்து வீசிக்கொண்டிருந்தார். சாமர் சாதியில் பிறந்த பல்வங்கர் பலூ. புனாவில் வெள்ளைக்காரர்களின் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்து, வலைப் பயிற்சியில் பந்து வீசி வளர்ந்தவர். அந்தச் சுற்றுப்பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை எடுத்தார். புனாவின் இந்து அணி அவர் பந்து வீச்சை ஏற்றது. ஆட்ட இடைவேளையில் தேநீரை மட்டும் தனி மண்குவளையில் வெளியே கொடுத்தது. மைதானத்துக்குள் ஒரே வெள்ளைச் சட்டை, மைதானத்துக்கு வெளியே தனிக் குவளை. அவர் அணித் தலைவராக ஆக்கப்படவில்லை. பின்னாளில் தம்பி விட்டலுக்கு அந்த இடம் கிடைத்தது. 1937 தேர்தலில் பலூ காங்கிரஸ் வேட்பாளராக அண்ணலை எதிர்த்து நின்று தோற்றார் என்பதும் வரலாறு. அரசியலில் எதிரணியில் நின்றார் என்பதால் அவர் கை செய்த சாதனை நமக்கு அந்நியமாகிவிடாது.

சீருடைக்கு இரண்டு முகம் உண்டு என்பதை இது காட்டுகிறது. ஒரே நிறச் சட்டை பதினொரு பேரையும் ஒரே ஆளாக்கும் என்று நம்புகிறோம். ஆட்டம் நடக்கும் நேரம் வரை அது உண்மை. விசில் ஊதியதும் சட்டைக்குள் இருக்கும் சாதி வெளியே வந்துவிடுகிறது.

7. நம் பக்கத்து ஆலைகள்

தருமபுரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. காவிரி நீர் தேங்கி நிற்பது நமக்குப் பக்கத்தில், நாகமரையில். பாசனமோ கீழே வெகுதூரத்தில். கண்ணெதிரே தண்ணீர், காட்டிலோ மானாவாரி. நிலமுள்ளவர்களுக்கே இந்த நிலை என்றால் நிலமற்ற பறையர், அருந்ததியர் குடும்பங்களைச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஏறினால் திருப்பூர், பெங்களூரு. ஊரில் பண்ணையாளாக நிற்பதைவிடத் திருப்பூரில் தையல் இயந்திரத்தின் முன் உட்காருவது மேல் என்று போனவர்கள் நம் அண்ணன்மார், அக்காமார். முன்பு பனியன் அணியக்கூடாது என்று தடுக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் இன்று உலகத்துக்குப் பனியன் தைக்கிறார்கள்.

இந்தப் பயணத்தில் விடுதலையும் உண்டு, புதுச் சங்கிலியும் உண்டு. திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நேவே ஆகியோர், விசைத்தறிப் பட்டறைகளில் முன்பணக் கடனில் தலித் தொழிலாளர் கட்டுண்டு கிடப்பதை எழுதியிருக்கிறார்கள். நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தை 2011இல் வெளியான சோமோ அமைப்பின் அறிக்கை உலகறியச் செய்தது. மூன்று ஆண்டு விடுதியில் அடைபட்டு வேலை செய்தால் முடிவில் திருமணத்துக்கு மொத்தப் பணம் என்ற ஏற்பாடு அது. அதில் சிக்கியவர்களில் தலித் பெண்பிள்ளைகள் ஏராளம். சீர்வரிசைக் கவலையையே கூலியைப் பிடித்துவைக்கும் கருவியாக்கினார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் சிப்காட்டிலும், திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறிலும் நைக்கிக்காகக் காலணி செய்யும் தைவான் குழுமத்தின் ஆலைகள் இருக்கின்றன. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் கிராமப்புறப் பெண்கள். தமிழ்நாடு அரசு 2022இல் காலணி, தோல் பொருள்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. தோல் அல்லாத காலணி ஆலைகள் வரிசையாக வருகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் மூன்று தலைமுறையாக நம்மவர் உழைத்தார்கள். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் கழிவுநீர்க் குழம்புத் தொட்டி உடைந்து உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த மாவட்டங்களிலேயே இப்போது விளையாட்டுக் காலணி வருகிறது. வேலை வரட்டும், வரவேற்கிறோம். வேலையோடு சங்கம் வைக்கும் உரிமையும், மேற்பார்வையாளர் நாற்காலியில் நம் பெண்கள் உட்காரும் வழியும் வர வேண்டும். ஊசியின் பக்கம் முழுக்க நாம், கணக்குப் புத்தகத்தின் பக்கம் முழுக்க அவர்கள் என்றால் சியால்கோட்டும் பர்கூரும் ஒன்றுதான்.

8. நாம் செய்ய வேண்டியது

கேட்டுவிட்டுக் கலைந்து போவதற்கு இந்த உரை அல்ல. மூன்று வேலைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, மைதானமும் உபகரணமும். தமிழ்நாடு அரசு 2024இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்குப் பந்து, மட்டை, வலை என்று வழங்கியது. நல்ல திட்டம். நம் ஊராட்சியில் அந்தப் பை எங்கே இருக்கிறது? ஊருக்குள் யாருடைய அறையில் பூட்டியிருக்கிறது? காலனிப் பிள்ளை போய்க் கேட்டால் பந்து கிடைக்கிறதா? ஊராட்சியின் மைதானம் எங்கே, அதற்குப் போகும் பாதை யாருடைய தெரு வழியாக? 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம். மாணவர்கள் இதை ஊராட்சி ஊராட்சியாகச் செய்தால் ஓர் ஒன்றியத்தின் சாதி வரைபடமே கையில் கிடைக்கும்.

இரண்டாவது, நிறம். பள்ளிகளில் கையில் கட்டும் வண்ணக் கயிறு சாதி அடையாளமாகிப் பிள்ளைகளைப் பிரிப்பதால் அதைத் தடை செய்ய வேண்டும் என்று நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் பரிந்துரைத்தது. கயிற்றின் நிறம் அணிச் சட்டைக்கும் ஏறுகிறது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பகுதியில் தேர்வெழுதப் பேருந்தில் போன தலித் மாணவன் ஒருவனை இழுத்துப்போட்டு விரல்களை வெட்டினார்கள். கபடியில் வென்றதுதான் காரணம் என்று குடும்பத்தினர் கூறினார்கள். நம் அணிகள் அண்ணலின் படத்தைச் சட்டையில் அச்சிடுகின்றன, அச்சிடட்டும். பெயர் மறுக்கப்பட்டவர்கள் தங்கள் தலைவரின் முகத்தை நெஞ்சில் வைப்பது உரிமை. அந்தச் சட்டையைப் போட்ட அணியில் எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் இடம் இருக்க வேண்டும். பெண்பிள்ளைகளுக்கும் சட்டை இருக்க வேண்டும். அருந்ததியர் தெருவுப் பிள்ளை கோல் காப்பாளராக மட்டுமன்றித் தலைவராகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீலமும் இன்னொரு கயிறாகிவிடும்.

மூன்றாவது, எழுத்து. திருப்பூரிலும் பெங்களூரிலும் பர்கூரிலும் வேலை செய்து திரும்பியவர்கள் ஒவ்வொரு காலனியிலும் இருக்கிறார்கள். எந்த ஆண்டு போனார்கள், எந்த மேசையில் உட்கார்ந்தார்கள், ஒரு டஜனுக்கு என்ன கூலி, என்ன முன்பணம், விடுதியில் எத்தனை பேர், ஊர் திரும்பியபோது அந்தப் பணத்தில் என்ன கட்டினார்கள்? சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகள் வெளிநாட்டு ஆய்வாளர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நத்தம் காலனியில் எரிந்தவற்றில் வெளியூர் உழைப்பில் கட்டிய வீடுகள் இருந்தன. அவை எத்தனை பனியன், எத்தனை தையல் என்று கணக்கெழுதினால்தான், எரிந்தது கூரை மட்டுமன்று, எத்தனை ஆண்டு உழைப்பு என்பது விளங்கும்.

பந்தின் கடைசி முடிச்சு உள்ளே போய் மறைவதுதான் நல்ல தையலுக்கு இலக்கணம் என்று சொன்னோம். பந்துக்கு அது சரி. வரலாற்றுக்கு அது பொருந்தாது. அந்த முடிச்சைப் போட்ட கையை வெளியே கொண்டுவருவது நம் வேலை. அடுத்த ஆண்டு இதே நாளில் கூடும்போது, ஏரியூர் ஒன்றியத்து ஊராட்சிகளின் பதில்களையும், திருப்பூர் போய்த் திரும்பிய பத்துப் பேரின் வாய்மொழியையும் இந்த மேடையில் வைப்போம் என்று முடிவு செய்து கலைவோம்.

ஜெய்பீம்.